கொலுசுக் கடைக்கு மென்பொருள்: முதல் மீட்டிங்கை எப்படி நடத்துவது?

ஐந்து ரோடு டெவலப்பர் | வியாழன், இரவு 9.40

வணக்கம். சேலம் ஐந்து ரோடு பக்கம் நான்கு பேராகச் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம் நடத்துகிறோம். அடுத்த புதன்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு மொத்த வியாபாரியிடம் கிக்ஆஃப் மீட்டிங். இருப்பு, பட்டறைக்குக் கொடுத்து வாங்கும் வெள்ளிக் கணக்கு, பில்லிங் மூன்றும் சேர்ந்த வேலை. காலை 11 மணியிலிருந்து 12.30 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர், அவருடைய இரண்டு மகன்கள், கணக்குப்பிள்ளை, கடையில் வேலை பார்க்கும் இரண்டு பேர் வருவார்கள்.

இந்த முறை இது சரியாக அமைய வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ மில்லுக்கு (ஜவ்வரிசி ஆலை) வேலை செய்தோம். முதல் மீட்டிங்கை ஒரு ஹோட்டல் ஹாலில் வைத்தோம். புரொஜெக்டர், நாற்பது ஸ்லைடு, சாப்பாடு, குரூப் போட்டோ எல்லாம் இருந்தது. முதலாளி தலையாட்டினார், மேனேஜர் தலையாட்டினார், நாங்களும் சந்தோஷமாகத் திரும்பி வந்தோம். மூன்று மாதம் கழித்து கிழங்குக் கொள்முதல் பகுதியைக் கொண்டுபோய்க் காட்டினோம். எடையை விலையால் பெருக்கிப் பணம் போடுகிற மாதிரி எழுதியிருந்தோம். எடை மேடையில் இருந்தவர் பார்த்துவிட்டு, "பாயிண்ட் எங்கே போடுறது?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் அந்தச் சொல்லே தெரியாது. அவரை அந்த ஹோட்டல் ஹாலுக்கு யாரும் கூப்பிடவில்லை.

அந்தப் பகுதி முழுவதையும் திரும்ப எழுதினோம். "இது ஆரம்பத்திலேயே தெரிஞ்சிருக்கணும்" என்று அவர்கள் சொன்னார்கள், "நீங்கள் சொல்லவில்லை" என்று நாங்கள் சொன்னோம். பாக்கிப் பணம் இழுத்தது, உறவும் கெட்டது. அந்த ஒன்றரை மணி நேரத்தை என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போதும் யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேகோ மில் மேனேஜர் | வியாழன், இரவு 10.15

நீங்கள் சொல்வது வேறு மில்தான், ஆனாலும் படித்ததும் வருத்தமாக இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மரவள்ளிக் கிழங்கு லோடு வந்ததும் மாதிரி எடுத்து மாவுச்சத்து பார்த்து பாயிண்ட் போடுவோம். விலை பேசுவதே பாயிண்ட் கணக்கில்தான். மண், காம்பு என்று கழிவு வேறு போகும். இதெல்லாம் எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி, அதனால் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டோம். நீங்கள் கேட்டால்தான் வரும். அதுவும் கேட்கிற இடம் எடை மேடையாக இருந்தால் தானாக வரும். ஒரு லாரி உள்ளே வந்து வெளியே போகிறவரை பக்கத்தில் நின்று பாருங்கள், நாற்பது ஸ்லைடுக்கு அது மேல்.

இன்னொன்று. கிழங்கு வரத்து உச்சத்தில் இருக்கும்போது எந்த மில்லிலும் மீட்டிங் வைக்காதீர்கள். உடம்பு அங்கே உட்கார்ந்திருக்கும், மனசு களத்தில் காய்கிற ஜவ்வரிசியிலும் வானத்திலும் இருக்கும்.

சென்னையில் வேலை, ஊர் அம்மாபேட்டை | வெள்ளி, காலை 7.05

பதினோரு வருடமாகப் புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். பெரிய கம்பெனி, சின்னக் கடை எதுவானாலும் முதல் கூட்டத்தில் நான் விடாமல் பிடித்துக்கொள்கிற சிலவற்றைச் சொல்கிறேன்.

டெமோ காட்டாதீர்கள். ஒரு திரையைக் காட்டிவிட்டால் அறையில் உள்ள எல்லோரும் அதன் நிறத்தையும் பட்டன் இருக்கிற இடத்தையும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தொழிலைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அதிலேயே போய்விடும்.

நான் முதலில் கேட்பது: "இது நன்றாக ஓடினால் ஆறு மாதம் கழித்து இந்தக் கடையில் எது மாறியிருக்கணும்?" ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள், வயதில் சின்னவர்களிடம் முதலில் கேளுங்கள். பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையேதான் சொல்வார்கள். உங்கள் கடையில் பெரியவருக்கு, சாயங்காலம் ஷட்டர் இறக்கும்போது எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ நிற்கிறது என்று தெரிந்தால் போதும் என்று இருக்கலாம். மகனுக்கு பில் சீக்கிரம் போட வேண்டும் என்று இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு வேலை, எது முதலில் என்பதை அன்றைக்கே அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

அப்புறம், எது இல்லை என்பதைப் பேசுங்கள். ஆன்லைன் விற்பனை இல்லை, சம்பளக் கணக்கு இல்லை, நகைச் சீட்டு இல்லை என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படியுங்கள். படிக்கும்போது யாராவது ஒருவர் "சீட்டு இல்லையா?" என்று நிமிர்ந்து பார்ப்பார். அந்த நிமிர்தல் நான்காவது மாதம் வராமல் முதல் நாளே வந்தால் இரண்டு பக்கமும் பிழைத்தோம்.

சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, யார் சொன்னால் அது முடிவு? ஒரே ஒரு பெயர் வேண்டும். "நாங்க எல்லாரும் கலந்து சொல்றோம்" என்று விட்டுவிடாதீர்கள். மூத்தவர் வாட்ஸ்அப்பில் ஒன்று சொல்வார், இளையவர் போனில் வேறு சொல்வார், நடுவில் உங்கள் பையன்கள் ராத்திரி உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கடைசி இருபது நிமிடத்தை ஒரு பயிற்சிக்கு வையுங்கள். கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007இல் எழுதிப் பரவலான முறை இது. "ஒரு வருடம் ஓடிவிட்டது, இந்தத் திட்டம் தோற்றுப்போய்விட்டது, ஏன்?" என்று கேட்டு ஒவ்வொருவரையும் காரணம் எழுதச் சொல்ல வேண்டும். நடந்து முடிந்ததாக வைத்துக் கேட்பதால் சொல்லத் தயங்கியதெல்லாம் வெளியே வரும்.

பட்டறை வீட்டுப் பையன் | வெள்ளி, காலை 11.30

நான் எதிர்ப் பக்கம் உட்காருகிறவன், கொலுசுத் தொழில்தான் எங்கள் குடும்பம். மேலே அக்கா சொன்னது எல்லாம் நல்ல யோசனை, ஆனால் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை.

எந்தப் பட்டறையில் எவ்வளவு வெள்ளி நிற்கிறது, யாருக்கு என்ன சேதாரம், யாருக்கு என்ன கூலி என்பது எங்கள் கடையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். கடைப் பையன்கள் இருக்கிற அறையில் எங்கள் அப்பா அதைப் பேசவே மாட்டார். ஒரு பட்டறைக்காரருக்குக் கொடுக்கிற கூலி இன்னொருவருக்குத் தெரிந்தால் மறுநாள் காலை வாசலில் நிற்பார். நீங்கள் எல்லோர் முன்னாலும் "சேதாரம் எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டால் அப்பா ஒரு பொது எண்ணைச் சொல்லிவிட்டு டீ சொல்லிவிடுவார். நீங்கள் அந்த எண்ணை வைத்து சாப்ட்வேர் எழுதுவீர்கள். அதுதான் எங்கள் வீட்டில் நடந்தது.

இரண்டு முறை ஆள் மாற்றிவிட்டோம், இன்னும் நோட்டில்தான் எழுதுகிறோம். எங்களுக்குக் கம்ப்யூட்டர் பிடிக்காமல் இல்லை. எங்களிடம் யாரும் தனியாக வந்து உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற கணக்கர் | வெள்ளி, மதியம் 3.20

தம்பி, முப்பத்தைந்து வருடம் லீ பஜார், செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் கணக்கு எழுதியிருக்கிறேன். சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்.

முதலில் நேரம். புதன்கிழமை 12 மணிக்கு ராகு காலம் ஆரம்பம், 1.30 வரை. 12.30 வரை மீட்டிங் வைத்தால், முக்கியமான பேச்சைக் கடைசியில் வைத்தாயானால், பெரியவர் 11.55க்கு எழுந்துவிடுவார். பத்து மணிக்கு ஆரம்பித்து 11.30க்கு முடி. கேட்டுப் பார், சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, அந்த "தோற்றுவிட்டது" பயிற்சி. அம்மா சொன்ன நோக்கம் நல்லதுதான். ஆனால் நல்ல காரியம் தொடங்குகிற அன்றைக்கு, பிள்ளையார் சுழி போட்ட தாளில், பெரியவர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லாதே. மனசு அங்கேயே மூடிக்கொள்ளும். அதே கேள்வியை, "இதுக்கு முன்னாடி வாங்கின சாப்ட்வேர் ஏன் நின்னுபோச்சுங்க?" என்று கேள். செவ்வாய்ப்பேட்டையில் முன்னால் ஒன்று வாங்கி மூலையில் போடாத கடை குறைவு. அந்தக் கதையை அவர்களே அரை மணி நேரம் சொல்வார்கள். நீ வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொள்.

மூன்றாவதுதான் பெரியது. வெள்ளிக் கடையில் ஒரு ஆளுக்கு இரண்டு பாக்கி உண்டு. ஒன்று ரூபாயில், இன்னொன்று கிராமில். இரண்டும் ஒன்றாகக் கலக்காது. பட்டறைக்காரர் 5 கிலோ கொலுசு கொண்டுவந்தால், டச் (நூற்றில் சுத்த வெள்ளி எவ்வளவு என்பது) 80 என்றால் சுத்த வெள்ளி 4 கிலோ என்று அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். சேதாரம் தனியாக. கூலி சில இடத்தில் பணமாக, சில இடத்தில் வெள்ளியாகவே. வெளியூர் வியாபாரி சரக்கை எடுத்துக்கொண்டு போவார், ரேட்டை அன்றைக்கே கட் பண்ண மாட்டார், அதாவது எந்த விலைக்கு என்று முடித்து ரூபாயாக மாற்ற மாட்டார். பத்து நாள் கழித்துப் போன் போட்டு "இன்னைக்கு ரேட்ல ரெண்டு கிலோ கட் பண்ணிக்குங்க" என்பார். அதுவரை அது கிராமாகத்தான் நிற்கும். சாதாரணக் கடைக்கு எழுதின பில்லிங் மென்பொருளில் இதற்கு இடமே இருக்காது. முதல் மீட்டிங்கில் இது வராவிட்டால் அடித்தளம் தப்பு, அப்புறம் மேலே எத்தனை மாடி கட்டினாலும் இடிக்கத்தான் வேண்டும்.

சட்டப் பக்கமும் முதல் நாளே பேசிவிடு. பட்டறைக்கு வெள்ளி போகும்போது டெலிவரி சலான் (சரக்கோடு போகிற சீட்டு) வேண்டும். போன மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாக ஜிஎஸ்டி எடுத்துக்கொள்ளும். விற்றுவரவு 5 கோடிக்கு மேல் என்றால் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவது) கட்டாயம். பில் எண் 16 எழுத்துக்கு மிகக் கூடாது. அவர்கள் பிரைவேட் லிமிடெட்டா, கூட்டு வியாபாரமா என்றும் கேள். கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் 1 முதல், பதிவை யார் எப்போது திருத்தினார்கள் என்ற தடம் கணக்கு மென்பொருளில் அழியாமல் இருக்க வேண்டும். கூட்டு வியாபாரத்துக்கு அந்த விதி இல்லை. இந்த ஒரு பதிலை வைத்து உன் வேலையின் அளவே மாறும். முடிந்தால் அவர்களுடைய ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒருவரைப் பதினைந்து நிமிடத்துக்காவது வரச் சொல்.

ஐந்து ரோடு டெவலப்பர் | வெள்ளி, இரவு 8.50

ஐயா, கிராம் பாக்கி பற்றி எனக்குப் பாதிதான் தெரியும். ரேட் கட் விஷயம் தெரியவே தெரியாது. எங்கள் எஸ்டிமேட்டில் அது இல்லை. ரொம்ப நன்றி.

ஒன்றில் குழம்பியிருக்கிறேன். எடை மேடைக்காரரைக் கூப்பிடாததால் அடிபட்டேன், அதனால் இந்த முறை எல்லோரையும் அறையில் உட்கார வைக்க வேண்டும் என்று இருந்தேன். பட்டறை வீட்டுத் தம்பியோ எல்லோரும் இருந்தால் உண்மை வராது என்கிறார். இரண்டும் எப்படிச் சரியாகும்?

ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ் | சனி, மாலை 6.10

இரண்டும் சரிதான், எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் அலுவலக வேலை பார்க்கிறேன். செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு), பழம் எடை, கூலி இதற்கெல்லாம் மென்பொருள் போடலாம் என்று முடிவானது. முதல் மீட்டிங்கை சேலத்தில் வைத்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி நானும் மேனேஜரும் போனோம். மேஸ்திரிகளைக் கூப்பிடவில்லை. நான் பேச வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்றார்கள், விட்டுவிட்டேன். மென்பொருள் வந்தது, எடை போடுகிற இடத்தில் சிக்னல் இல்லை, திரை சுற்றிக்கொண்டே இருந்தது. அறுவடை நேரம், பழம் பறித்துவிட்டுப் பெண்கள் சாக்கை இறக்கி வைத்துக்கொண்டு பனியில் நின்றார்கள். மூன்றாம் நாள் மேஸ்திரி நோட்டை எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த வருடம் வேறு ஒரு குழு வந்தது. அவர்களில் ஒரு பெண் கூட்டம் எதுவும் வைக்காமல் முதலில் இரண்டு நாள் சும்மா வந்து இருந்தார். சாயங்காலம் எடைத் தராசு பக்கத்தில் நின்றார். மேஸ்திரியிடம் தனியாகப் பேசினார், என்னிடம் தனியாக, முதலாளியிடம் தனியாக. அதற்கப்புறம்தான் எல்லோரையும் உட்கார வைத்தார். அந்தக் கூட்டத்தில் புதிதாக எதையும் கேட்கவில்லை. "நான் புரிஞ்சிக்கிட்டது இது. தப்பா இருந்தா சொல்லுங்க" என்று படித்தார். சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்து வைத்து, ஆபீசுக்கு வந்ததும் தானாக ஏறிக்கொள்கிற மாதிரி வேண்டும் என்பது அதில் முதல் வரி. எந்த ரவுண்டு பறிப்பு என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்பது இரண்டாவது வரி. ஒரே செடியில் பழம் ஒரே நாளில் பழுக்காது, இரண்டு மூன்று முறை பறிக்க வேண்டும் என்பதை மேஸ்திரிதான் அவருக்குச் சொல்லியிருந்தார்.

ரகசியமானதைத் தனியாகக் கேட்டுவிடுங்கள். எல்லோருக்கும் பொதுவானதைக் கூட்டத்தில் உறுதி செய்யுங்கள். அவர் மேஸ்திரியைப் பெயர் சொல்லி, "இது அண்ணன் சொன்னது" என்று முதலாளி முன்னால் படித்தார். அதன் பிறகு அந்த மென்பொருளை மேஸ்திரி தன்னுடையதாக நினைக்க ஆரம்பித்தார்.

சென்னையில் வேலை, ஊர் அம்மாபேட்டை | சனி, இரவு 9.30

கணக்கர் ஐயா சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். கார்ப்பரேட் அறையில் அந்தப் பயிற்சி வேலை செய்யும், பெரியவர் உட்கார்ந்திருக்கிற கடையில் நீங்கள் சொன்ன கேள்விதான் பொருத்தம். ஏற்காடு தோழி எழுதியதைப் படித்து நானும் என் முறையை மாற்றிக்கொள்ளப் போகிறேன்.

ஒன்று சேர்க்கிறேன். கூட்டம் முடிந்த அன்றே, தூங்கப் போவதற்குள், பேசியதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி அனுப்புங்கள். முடிவு எடுப்பவர் யார், என்ன உண்டு, என்ன இல்லை, அடுத்த வாரம் யார் எதைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், ஆனால் "ஓகே" என்று பதில் வரும்.

பிரிண்டிங் பிரஸ் தோழர் | ஞாயிறு, காலை 8.15

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? தவணை எப்போது, கூடுதல் வேலைக்கு எவ்வளவு என்பதை அந்த மீட்டிங்கிலேயே உடைத்துப் பேசிவிட வேண்டும் என்பது என் கட்சி.

ஓய்வுபெற்ற கணக்கர் | ஞாயிறு, காலை 10.00

கணக்குப்பிள்ளையும் கடைப் பையன்களும் இருக்கிற இடத்தில் தவணை பேசக் கூடாது தோழர். அதை முந்தின நாளே முதலாளியோடு முடித்துவிட வேண்டும். ஆனால் "கூடுதலாக ஒன்று வேண்டும் என்றால் தாளில் எழுதி, இத்தனை நாள், இவ்வளவு ரூபாய் என்று சொல்லி, இன்னார் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கை வைப்போம்" என்ற முறையை மட்டும் எல்லோர் முன்னாலும் சொல்லலாம். தொகை வேண்டாம், வழிமுறை போதும்.

பிரிண்டிங் பிரஸ் தோழர் | ஞாயிறு, காலை 10.20

அது சரி. ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்து ரோடு டெவலப்பர் | புதன், இரவு 10.45

நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை கடைக்குப் போய், பட்டறைக்கு வெள்ளி நிறுத்துக் கொடுப்பதைப் பார்த்தேன். கணக்குப்பிள்ளையிடம் மட்டும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். அவர் பச்சை அட்டை நோட்டு ஒன்றைத் திறந்து காட்டினார், ஒவ்வொரு பட்டறைக்கும் இடது பக்கம் கிராம், வலது பக்கம் ரூபாய். செவ்வாய் மாலை பெரியவரையும் மகன்களையும் வீட்டில் பார்த்தேன். சேதாரமும் கூலியும் அங்கேதான் பேசினோம், அந்தத் திரை மூன்று பேருக்கு மட்டும் திறக்கும் என்று சொன்ன பிறகுதான் பெரியவர் தாராளமாகப் பேசினார். தவணையும் அங்கேயே முடிந்தது.

இன்று பத்து மணிக்கு மீட்டிங். லேப்டாப்பைத் திறக்கவில்லை. கடைப் பையனிடம் முதலில் கேட்டேன். "பில் போட்டப்புறம் டச் மாத்திச் சொல்றாங்க, மறுபடி முதல்ல இருந்து போட வேண்டியிருக்கு" என்றார். மகன்கள் இரண்டு பேருக்குமே அது தெரியவில்லை. முன்னால் வாங்கிய சாப்ட்வேர் ஏன் நின்றது என்று கேட்டேன். ரேட் கட் செய்ய அதில் வழியில்லை, அதனால் ஒவ்வொரு மாதமும் கிராம் கணக்கு நோட்டோடு ஒத்துவரவில்லை என்றார் கணக்குப்பிள்ளை. ஐயா, நீங்கள் சொன்ன அதே இடம்.

"எது இல்லை" என்ற பட்டியலைப் படித்தேன். இளையவர் நிமிர்ந்து, "வெளியூர் வியாபாரிங்க மொபைல்ல பாக்கி பாத்துக்கறது இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். மூத்தவர், "அது அடுத்த வருஷம் பாக்கலாம்டா" என்றார். கடைசிச் சொல் யாருடையது என்று கேட்டபோது எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்து, "பெரியவன் சொல்றதுதான். வெள்ளிக் கணக்குல மட்டும் என்னைக் கேட்டுக்குங்க" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். 11.25க்கு முடிந்தது.

ரேட் கட் சேர்ந்ததால் எங்களுக்கு மூன்று வாரம் கூடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். ஏப்ரல் 1 முதல் புது நிதியாண்டில் ஓட்டலாம் என்று முடிவு. அதற்கு முன்னால் தொடக்க இருப்பு எடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர் | வியாழன், காலை 6.30

மார்ச் கடைசியில் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு எடுங்கள். ஒரே தராசு, முத்திரை போட்டதா என்று முதலில் பார்த்துவிடு. டச் வாரியாகப் பிரித்து நிறுத்தால்தான் சுத்தம் கணக்கு வரும். அன்றைக்குப் பட்டறையில் நிற்கிற வெள்ளியை மறந்துவிடாதே, ஒவ்வொரு பட்டறைக்காரரிடமும் "இவ்வளவு கிராம் என்னிடம் இருக்கிறது" என்று கையெழுத்து வாங்க வேண்டும். கணக்கு ஒத்துவராத ஆள் இரண்டு பேராவது இருப்பார்கள், அதைத் தீர்க்க ஒரு வாரம் ஆகும். பெரியவரிடம் இப்போதே சொல்லி வை. மேசை டிராயரில் கிடக்கிற துண்டுக் கம்பி, உதிர்ந்த சலங்கை எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு அதையும் நிறு.

ஐந்து ரோடு டெவலப்பர் | வியாழன், காலை 9.10

சரிங்க ஐயா. மூத்தவரிடம் பேசிவிட்டேன், மார்ச் 29 என்று குறித்துக்கொண்டார். பட்டறைகளுக்கு அவரே நேரில் போய்ச் சொல்கிறாராம்.